அடுத்த எண் எது? விடையை விட விதி முக்கியம்

"1, 2, 4, ? - அடுத்து வரும் எண் எது?"

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அக்கா மகள் என் முன்னால் நீட்டிய தேர்வுத் தாளில் இருந்த கேள்வி இது. எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கீழே 6, 7, 8, 9 என நான்கு விடைகள் தரப்பட்டிருந்தன. அவள் 7-க்கு டிக் அடித்திருந்தாள். அதன் மேல் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் 8 என்று எழுதப்பட்டிருந்தது.

"சித்தி, 1-க்கும் 2-க்கும் வித்தியாசம் 1. 2-க்கும் 4-க்கும் வித்தியாசம் 2. அப்போ அடுத்த வித்தியாசம் 3 தானே? 4-ம் 3-ம் 7 தானே வரணும்? நீங்க சாப்ட்வேர் இன்ஜினியர் தானே, நீங்களே சொல்லுங்க" என்றாள்.

நான் சொன்னேன்: "நீ சொன்னது சரி." 

"அப்போ 8 தப்பா?"

"இல்லை, அதுவும் சரி."

அவள் என்னை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. காரணம் இருக்கிறது. அந்தத் தேர்வில் எடுக்கும் மதிப்பெண்ணை வைத்துத்தான் கணக்குச் சிறப்பு வகுப்புக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைந்து இடம் போய்விட்டது. அன்றிலிருந்து, "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாளாம். இந்த மாதிரிக் கேள்விகளில் பயிற்சி எடுக்கட்டும் என்றுதான் அக்கா கடன் வாங்கிப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கி வைத்திருந்தார்.

உங்களில் பலரும் இதே காரணத்துக்காகக் கம்ப்யூட்டர் வாங்கியிருப்பீர்கள். பிள்ளைகளின் படிப்புக்காக, வேலைத் தேர்வுக்காக, வங்கித் தேர்வுக்காக. அந்தத் தேர்வுகள் பலவற்றில் "அடுத்த எண் எது?" என்ற கேள்வி தவறாமல் இருக்கும். மொபைலில் வரும், "அறிவாளிகளால் மட்டுமே இதற்கு விடை சொல்ல முடியும்" என்ற பார்வேர்டு செய்திகளிலும் இதே கேள்விதான். எனவே இதைப் பற்றி என் கருத்தைச் சொல்லிவிட நினைக்கிறேன். விதியைச் சொல்லாமல் எண்ணை மட்டும் கேட்கும் கேள்விக்கு ஒரே சரியான விடை என்று எதுவும் கிடையாது. அதை வைத்து ஒரு பிள்ளையைப் பிரித்து நிறுத்துவது நியாயம் இல்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சோதித்துப் பார்த்துவிடலாம்.

எக்ஸெல் சொல்லும் விடை

எக்ஸெல் புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். முதல் நெட்டு வரிசையில், ஏ1 செல்லில் 1, ஏ2 செல்லில் 2, ஏ3 செல்லில் 4 என டைப் செய்யுங்கள். இந்த மூன்று செல்களையும் மவுஸால் தேர்வு செய்யுங்கள். தேர்வு செய்த பகுதியின் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். அதன் மேல் மவுஸைக் கொண்டு சென்றால் கர்சர் கூட்டல் குறியாக மாறும். அப்படியே இடது பட்டனை அழுத்திக்கொண்டு கீழே இழுத்து விடுங்கள்.

என்ன வந்தது? 7-ம் இல்லை, 8-ம் இல்லை. 5.333333 என்று வந்திருக்கும்! அடுத்து 6.833333.

கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். நீங்கள் தரும் எண்களுக்கு மிக நெருக்கமாகச் செல்லும் ஒரு நேர்கோட்டைக் கண்டுபிடித்து, அந்தக் கோட்டை நீட்டுவதுதான் எக்ஸெல் இங்கே செய்யும் வேலை. 1, 2, 4 ஆகிய எண்களுக்கு அந்தக் கோடு ஒவ்வொரு படிக்கும் 1.5 ஏறுகிறது. அதனால்தான் அந்த விடை.

இப்போது கன்ட்ரோல் கீயுடன் இசட் கீயை அழுத்தி, வந்த எண்களை நீக்கிவிடுங்கள். மீண்டும் மூன்று செல்களையும் தேர்வு செய்து, இம்முறை மவுஸின் வலது பட்டனை அழுத்திக்கொண்டு இழுங்கள். விட்டவுடன் ஒரு மெனு கிடைக்கும். அதில் குரோத் டிரெண்ட் என்பதில் கிளிக் செய்யுங்கள். 8, 16, 32 என்று வரும்.

அதே கம்ப்யூட்டர், அதே புரோகிராம், அதே மூன்று எண்கள். ஆனால் விடைகள் இரண்டு. எண்கள் மாறவில்லை, விதிதான் மாறியது. முதல் முறை விதியை எக்ஸெல் தானாக எடுத்துக்கொண்டது. இரண்டாம் முறை நாம் சொன்னோம். கேள்வித்தாள் தயாரிப்பவரும் இதைத்தான் செய்கிறார். ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்கிறார். அதை நம்மிடம் சொல்வதில்லை.

தோசைக் கல்லில் மூன்று விடைகள்

அக்கா மகளுக்கு எக்ஸெல் பெரிதாகப் படவில்லை. எனவே சமையலறைக்குப் போனோம். ஒரு வட்டத் தோசை. வெட்டாமல் இருந்தால் 1 துண்டு. நேராக ஒரு வெட்டு வெட்டினால் 2 துண்டு. குறுக்கே இன்னொரு வெட்டு, 4 துண்டு. மூன்றாவது வெட்டுக்கு எத்தனை துண்டு?

மூன்று வெட்டுகளும் நடுப்புள்ளி வழியாகவே போனால் 6 துண்டு. மூன்றாவது வெட்டு நடுப்புள்ளியைத் தவிர்த்து, முதல் இரண்டு வெட்டுகளையும் வேறு வேறு இடத்தில் கடந்து சென்றால் 7 துண்டு. வெட்டுவதற்குப் பதிலாகத் தோசையை ஒவ்வொரு முறையும் பாதியாக மடித்துக்கொண்டே போனால், மடிப்புகள் 1, 2, 4, 8 என்று ஆகும்.

ஆக, 6, 7, 8 ஆகிய மூன்றுக்கும் தோசைக் கல்லிலேயே காரணம் இருக்கிறது. மீதி இருப்பது 9 மட்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

"மூன்று எண்களை மட்டும் தந்ததுதான் பிரச்சினை. இன்னும் இரண்டு எண்கள் தந்திருந்தால் சந்தேகமே வராது" என்று அக்கா சொன்னார். நியாயமான கேள்விதான். 1, 2, 4, 8, 16 என்று ஐந்து எண்கள் கொடுத்துவிட்டால் அடுத்தது 32 தானே? கம்ப்யூட்டர் படித்த யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் 32 என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவள்தான். கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஓர் ஆசிரியர் என்னைக் கரும்பலகைக்கு அழைத்து இதைச் செய்து பார்க்கச் சொன்னார்.

ஒரு வட்டம் போடுங்கள். அதன் விளிம்பில் ஒரு புள்ளி வையுங்கள். வட்டத்துக்குள் 1 பகுதி. இரண்டு புள்ளிகள் வைத்து நேர்கோட்டால் இணைத்தால் 2 பகுதிகள். மூன்று புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று இணைத்தால் 4. நான்கு புள்ளிகளுக்கு 8. ஐந்து புள்ளிகளுக்கு 16. 

ஆறு புள்ளிகளுக்கு? எண்ணிப் பாருங்கள். 31. ஒன்று விட்டுப் போனதோ என்று நானும் மூன்று முறை எண்ணினேன். 31 தான். (மூன்று கோடுகள் ஒரே இடத்தில் சந்திக்காதபடி புள்ளிகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைக்க வேண்டும். சரிசமமாக வைத்தால் நடுவில் மூன்று கோடுகள் சந்தித்து 30 ஆகிவிடும்.) அதற்குப் பிறகு 57, 99, 163 என்று போகும். வேடிக்கை என்னவென்றால், பத்துப் புள்ளிகள் வைக்கும்போது 256 வருகிறது. கம்ப்யூட்டர்காரர்களுக்கு மிகவும் பழக்கமான அதே 256!

496 என்ற எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை வரிசையாக எழுதினாலும் 1, 2, 4, 8, 16, 31 என்றுதான் வரும். ஒவ்வோர் எண்ணோடும் அதன் இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 1, 2, 4, 8, 16-க்கு அடுத்து 23 வரும். ஏனென்றால் 16-ன் இலக்கங்கள் 1-ம் 6-ம், கூட்டினால் 7, 16-ம் 7-ம் 23. எதுவும் ஏமாற்று வேலை அல்ல. எல்லாமே ஒழுங்கான விதிகள்.

வித்தியாசம் எடுக்கும் முறையும் முதல் கணக்கு இயந்திரமும்

அக்கா மகள் செய்தது போல அடுத்தடுத்த எண்களின் வித்தியாசத்தை எடுப்பது ஒரு நல்ல பழைய முறை. இதையும் எக்ஸெலில் செய்து பார்க்கலாம். இங்கே ஏ, பி, சி, டி என்று அச்சிட்டிருப்பதை நீங்கள் ஆங்கில எழுத்துகளாக டைப் செய்ய வேண்டும்.

ஏ1 முதல் ஏ6 வரை 1, 2, 4, 8, 16, 31 என டைப் செய்யுங்கள். பி2 செல்லில் =ஏ2-ஏ1 என்று டைப் செய்து என்டர் தட்டி, அதைப் பி6 வரை இழுத்து விடுங்கள். 1, 2, 4, 8, 15 என்று வரும். சி3 செல்லில் =பி3-பி2 என்று கொடுத்துச் சி6 வரை இழுங்கள். 1, 2, 4, 7 என்று வரும். டி4 செல்லில் =சி4-சி3 என்று கொடுத்து டி6 வரை இழுங்கள். 1, 2, 3. இன்னும் ஒருமுறை எடுத்தால் 1, 1.

சி வரிசையைப் பாருங்கள். 1, 2, 4, 7. சிவப்பு மையில் அடிபட்ட அதே விடை. இதைத் திரையில் பார்த்ததும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கடைசி வரிசை 1, 1 என்று மாறாமல் இருப்பதால், அடுத்ததும் 1 என்று வைத்துக்கொண்டு மேலே ஏறலாம். 3-ம் 1-ம் 4. 7-ம் 4-ம் 11. 15-ம் 11-ம் 26. 31-ம் 26-ம் 57. ஏழு புள்ளிகள் வைத்து வட்டத்தில் எண்ணினால் சரியாக 57 வருகிறது. பெருக்கலே இல்லை. வெறும் கூட்டல்தான்.

உங்கள் மேஜை மேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் இந்த முறைக்கும் பழைய உறவு உண்டு. சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் கப்பல் ஓட்டுபவர்களும் கட்டடம் கட்டுபவர்களும் அச்சிட்ட கணக்கு அட்டவணைகளையே நம்பியிருந்தனர். அவற்றை மனிதர்கள் கணக்கிட்டு, மனிதர்களே அச்சுக் கோத்ததால் தவறுகள் மலிந்திருந்தன. சார்லஸ் பாபேஜ் இதற்குத் தீர்வாக 1822-ல் டிபரன்ஸ் இன்ஜின் என்ற இயந்திரத் திட்டத்தை முன்வைத்தார். டிபரன்ஸ் என்றால் வித்தியாசம். நாம் இப்போது எக்ஸெலில் செய்ததைத்தான் அது பல்சக்கரங்களால் செய்ய வேண்டும். அரசு கொடுத்த பண உதவி 1842-ல் நின்றுபோனது. அவர் காலத்தில் இயந்திரம் முழுமையடையவில்லை. பின்னர் அவர் வரைந்த இரண்டாவது இயந்திரத்தின் படங்களை வைத்து, லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-ல் அதன் கணக்கிடும் பகுதியைச் செய்து முடித்தது. அது சரியாக வேலை செய்தது.

அதே பாபேஜ் 1837-ல் வெளியிட்ட ஒரு புத்தகத்தில் சொல்லியிருக்கும் விஷயம் நம் புதிருக்கு நேரடியாகப் பொருந்தும். ஒரு கணக்கு இயந்திரம் 1, 2, 3 என வரிசையாக எண்களைக் காட்டிக்கொண்டே போகிறது. பத்துக் கோடிக்கு மேல் வரை அப்படியே போகிறது. பார்ப்பவர் விதி புரிந்துவிட்டது என்று நினைக்கிறார். அதன் பிறகு திடீரென வேறு மாதிரி எண்கள் வருகின்றன. இயந்திரம் பழுதாகவில்லை. முதலிலிருந்தே அதற்குள் வைத்த விதி அதுதான். பத்துக் கோடி எண்களைப் பார்த்தவரே ஏமாறலாம் என்றால், மூன்று எண்களைப் பார்த்த எட்டாம் வகுப்பு மாணவியை நாம் எப்படிக் குறை சொல்வது?

2, 4, 6, 8, 1000!

இப்போது கடைசிச் சோதனை. ஏ1 முதல் ஏ5 வரை 1, 2, 3, 4, 5 என டைப் செய்யுங்கள். பி1 செல்லில் கீழே உள்ள பார்முலாவைப் பிழையில்லாமல் டைப் செய்யுங்கள்.

=2*ஏ1+41.25*(ஏ1-1)*(ஏ1-2)*(ஏ1-3)*(ஏ1-4)

என்டர் தட்டி, பி5 வரை இழுத்து விடுங்கள். 2, 4, 6, 8, 1000 என்று வரும்.

மந்திரம் எதுவும் இல்லை. 1, 2, 3, 4 ஆகிய எண்களைப் போடும்போது நான்கு அடைப்புக்குறிகளில் ஏதாவது ஒன்று பூஜ்யம் ஆகிவிடும். பூஜ்யத்தால் பெருக்கினால் எல்லாமே பூஜ்யம். எனவே 2, 4, 6, 8 மட்டும் தெரியும். 5 போடும்போது அடைப்புக்குறிகள் 4, 3, 2, 1 ஆகின்றன. பெருக்கினால் 24. 24-ஐ 41.25-ஆல் பெருக்கினால் 990. அதோடு 10 சேர்ந்து 1000.

உங்களுக்குப் பிடித்த எண்ணையும் வரவழைக்கலாம். அந்த எண்ணிலிருந்து 10-ஐக் கழித்து 24-ஆல் வகுங்கள். வரும் விடையை 41.25-க்குப் பதிலாகப் போடுங்கள். 84 என்று போட்டால் 2, 4, 6, 8, 2026 என்று வரும். நீங்கள் எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்கு ஒரு விதி உண்டு. 1, 2, 4-க்கு அடுத்து 9 வரவும் இதே வழியில் ஒரு பார்முலா எழுதிவிடலாம். அந்தக் கேள்வித்தாளின் நான்கு விடைகளுமே சரி என்று வாதாட முடியும்.

"எளிய விதிதான் விடை" என்றால்?

என் கருத்துக்கு எதிராகச் சொல்லப்படும் முக்கியமான வாதம் இதுதான். விதிகள் ஆயிரம் இருக்கலாம்; அவற்றில் எளியது எதுவோ அதைத்தான் கேட்கிறோம்; அதைக் கண்டுபிடிப்பதுதான் திறமை என்பார்கள். 41.25 போட்டு 1000 வரவழைப்பதை யாரும் எளிமை என்று சொல்ல மாட்டார்கள். அதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் எளிமை என்பது யாருக்கு? இரட்டிப்பாகப் பார்த்துப் பழகியவருக்கு 8 எளிது. கூட்டிப் பார்த்துப் பழகியவருக்கு 7 எளிது. ஜான் கான்வே என்ற கணித மேதை ஆராய்ந்த ஒரு தொடர் உண்டு. 1, 11, 21, 1211, 111221 என்று போகும். வித்தியாசம் எடுத்தால் எதுவும் தேறாது. வாயால் படிக்க வேண்டும். முதல் வரி "ஓர் ஒன்று", அதாவது 11. அதைப் படித்தால் "இரண்டு ஒன்றுகள்", அதாவது 21. அதைப் படித்தால் "ஓர் இரண்டு, ஓர் ஒன்று", அதாவது 1211. இப்படிப் போனால் 111221-க்கு அடுத்து 312211. இந்தத் தந்திரத்தை ஏற்கெனவே கேட்டவருக்கு இது ஒரு நொடி வேலை. கேட்காதவருக்கு ஒரு நாள் போதாது. இங்கே நாம் அளப்பது புத்தியையா, முன்பே கேட்டிருக்கிறாரா என்பதையா?

லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வுகளை மெஷின்தான் திருத்த முடியும், அதற்கு ஒரே விடைதான் வேண்டும் என்பதும் உண்மையே. அதற்கும் வழி இருக்கிறது. "ஒவ்வோர் எண்ணும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. 1, 2, 4-க்கு அடுத்தது என்ன?" என்று கேட்டால் விடை ஒன்றுதான். அது மிகவும் சுலபமாகிவிடும் என்றால், ஒரு தொடரைக் கொடுத்து, "கீழே உள்ள விதிகளில் எது இதற்குப் பொருந்தாது?" என்று கேட்கலாம். மெஷினும் திருத்தும், பிள்ளையும் யோசிக்கும். குறைந்தபட்சம், மூன்று எண்களுக்குப் பதில் ஆறேழு எண்களாவது தரலாம்.

என் வேலையில் நான் வாங்கிய அடி

இது வெறும் கணக்குச் சண்டை இல்லை என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு. பார்சல் அனுப்பும் ஒரு வாடிக்கையாளருக்குப் பில் போடும் புரோகிராம் எழுத வேண்டும். மாதிரிக்கு நான்கு பில்களைப் பார்த்தேன். 1 கிலோவுக்கு 40 ரூபாய், 2 கிலோவுக்கு 60, 3 கிலோவுக்கு 80, 4 கிலோவுக்கு 100. இதற்கு மேல் என்ன கேட்க வேண்டும்? கிலோவுக்கு 20 ரூபாய் ஏறுகிறது என்று பார்முலா போட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். நான்கு மாதிரிகளுக்கும் சரியாக வந்தது. டெஸ்ட் செய்தவரும் சரி என்றார்.

5 கிலோவிலிருந்து அவர்களுடைய கட்டண முறையே வேறு. நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. மூன்று நாள் பில்கள் தவறாகப் போய்விட்டன. ஒவ்வொரு பில்லாகத் தேடிப் பிடித்துத் திருத்தியபோது, கல்லூரிக் கரும்பலகையில் போட்ட வட்டமும் 31-ம் தான் நினைவுக்கு வந்தன. தவறு முழுக்க என்னுடையது. "அடுத்த எண் எது?" என்று யோசித்தேனே தவிர, "விதி என்ன?" என்று கேட்கவில்லை.

வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வில் இதே மாதிரிக் கேள்விகளுக்குச் சட்டென்று விடை எழுதித்தான் நான் தேர்வானேன். ஆனால் வேலைக்கு வந்த பிறகு, சட்டென்று ஊகிப்பவரை விட, "இன்னும் ஒரு மாதிரி கொடுங்கள், இது எப்போது மாறும்?" என்று கேட்பவரே நல்ல புரோகிராமர் என்று கற்றுக்கொண்டேன்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு

இந்தப் புதிர்களைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. எனக்கு அவை மிகவும் பிடிக்கும். வீட்டில் அவற்றைப் பயன்படுத்தும் விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறேன்.

ஒன்று, பயிற்சி புரோகிராம் திரையில் "தவறு" என்று காட்டினால், பிள்ளையை உடனே திட்டாதீர்கள். "நீ எப்படி யோசித்தாய்?" என்று கேளுங்கள். அந்த புரோகிராமுக்குள் யாரோ ஒருவர் டைப் செய்து வைத்த ஒரே ஒரு விடை இருக்கிறது. கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். அது யோசித்துச் சொல்லும் தீர்ப்பு அல்ல.

இரண்டு, பிள்ளை சொல்லும் விதியை எக்ஸெலில் பார்முலாவாக எழுதச் சொல்லுங்கள். கொடுத்த எண்கள் எல்லாம் அப்படியே வந்தால் விதி பொருந்துகிறது என்று அர்த்தம். வராவிட்டால் எங்கே தவறு என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமில் இந்த பார்முலாக்களைப் போடலாம்.

மூன்று, இன்டர்நெட் இணைப்பு இருந்தால் எண் தொடர்களுக்கான கலைக்களஞ்சியம் ஒன்றைப் பாருங்கள். நீல் ஸ்லோன் என்பவர் 1964-ல் மாணவராக இருந்தபோது அட்டைகளில் குறித்து வைக்க ஆரம்பித்தது. 1973-ல் 2,372 தொடர்களுடன் புத்தகமாக வந்தது. 1996-ல் இன்டர்நெட்டுக்கு வந்தது. இப்போது மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தொடர்கள் அதில் உள்ளன. ஓ.இ.ஐ.எஸ். டாட் ஓ.ஆர்.ஜி. என்பது முகவரி. ஆங்கிலத்தில் டைப் செய்து, கிடைக்கும் பெட்டியில் 1, 2, 4, 8, 16 என்று கமா இட்டுத் தேடுங்கள். ஒரு விடை வராது. நூற்றுக்கணக்கில் வரும். "ஒரே விடைதான்" என்று வாதாடுபவர்களுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டினாலே போதும்.

நான்கு, இப்போது பலர் சாட்ஜிபிடி போன்ற ஏ.ஐ. புரோகிராம்களிடம் இந்தப் புதிர்களைக் கேட்கிறார்கள். அவையே, எழுதியதற்கு அடுத்து என்ன வரும் என்று கணிக்கப் பழக்கப்பட்டவைதான். அதனால் "விடை என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதற்குப் பொருந்தும் வேறு வேறு விதிகளைச் சொல்" என்று கேளுங்கள். சொன்ன விதியை நீங்களே போட்டுப் பார்த்துச் சரிபாருங்கள்.

அக்கா மகளின் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்கா அந்தத் தாளையும், நாங்கள் எக்ஸெலில் போட்ட அட்டவணையின் பிரிண்ட் அவுட்டையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனார். கணக்கு ஆசிரியை பொறுமையாகப் பார்த்தாராம். 7-ம் சரிதான் என்று ஒப்புக்கொண்டாராம். ஆனால் பட்டியல் ஏற்கெனவே ஒட்டியாகிவிட்டது, இந்த ஆண்டு மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார். மதிப்பெண் திரும்பி வரவில்லை. இடமும் கிடைக்கவில்லை.

ஆனாலும் போன வாரம் போனில் பேசும்போது அவள், "சித்தி, ஏழு புள்ளி வெச்சு எண்ணிட்டேன், 57 சரியா வந்துச்சு. எட்டுப் புள்ளிக்கு நோட்டுல இடமே பத்தல" என்றாள். "கணக்கு வராது" என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

இப்போது உங்களுக்கு ஒரு கேள்வி. 1, 2, 4, 8, 16, 23, ? இந்தக் கட்டுரையில் சொன்ன ஒரு விதிப்படி அடுத்த எண் 28. அது எந்த விதி என்று பார்த்துவிட்டு, 28 அல்லாத வேறோர் எண் வரும்படி நீங்களே ஒரு விதியைக் கண்டுபிடியுங்கள். வீட்டில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். பக்கத்திலேயே விதியையும் எழுதுங்கள்.